வேடமும் விரதமும்

(இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேசுமாறு எம்மைப் பணித்த மன்றத்தார் பொருளையும் தாமே குறித்துத் தந்தனர். சமூக ஊடகங்களிலே வரலாற்று மாந்தராகவும் கதைமாந்தராகவும் வேடம் புனைதல் என்பதே அப்பொருள். முன்வரிசையில் இருக்கும் பெரியோர் சிலரின் முகத்திலே ஒரு புன்னகை தோன்றக் காண்கின்றோம். "விழாப் பந்தலிலே கைப்பேசிப் பேச்சா?" என்பது அதன் பொருள். பின்வரிசையில் நிற்கும் இளைஞர் முகத்திலோ, "இன்றைக்கும் எங்களுக்கு ஏச்சுத்தானோ?" என்ற ஐயம். இரு சாராரும் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம். இது கைப்பேசியோடு பிறந்த பொருளன்று. நம் கோயில் வீதியிலே நெடுங்காலமாக இருந்துவரும் பொருள்.

முதலிற் பெரியோருக்காகச் சிறு விளக்கம். முகநூல் முதலிய தளங்களிலே ஒருவர் தம் சொந்தப் பெயரை விட்டு, கர்ணன் என்றோ, குந்தவை என்றோ, இராஜராஜன் என்றோ பெயர் வைத்துக்கொள்கின்றார். அந்தப் பாத்திரமாகவே நின்று பேசுகின்றார். மற்றொருவர் துரியோதனனாக நின்று மறுமொழி சொல்கின்றார். இப்படியே ஓர் அரசவை கூடிவிடுகின்றது. இதற்காகப் பாரதத்தையும் பழைய வரலாற்றையும் தேடிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. இது ஒரு முகம். மற்றொரு முகமும் உண்டு. மேலே மன்னன் படம். கீழே அயலூரானின் தாயையும் மதத்தையும் பழிக்கும் பேச்சு. சிம்மாசனத்தில் அமர்ந்துகொண்டு சந்தைக்கடைச் சண்டை! இவ்விரண்டையும் வேடம் என்ற ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். இரண்டையும் பிரிக்கும் கோடு யாது? அதுவே இன்று நாம் காணவேண்டியது.

நமது ஊர்ப் பள்ளிக்கூடம்

அக்கோட்டைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்புக்குப் போனாற் போதும். புரட்டாதியிலே அங்கே திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழா நடைபெறுகின்றது. பாரதக் கதை அங்கே ஏட்டில் மட்டும் கிடப்பதில்லை; ஊரிலே நடக்கின்றது. கலியாணக்கால் வெட்டுகின்றனர். பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலங்கொண்டோர் வனவாசம் புறப்படுகின்றனர். அருச்சுனன் தவநிலைக்குச் செல்கின்றான். இறுதியில் தீமிதிப்பு. நேற்று வரை நம்மோடு வயலிலும் கந்தோரிலும் நின்றவர் இன்று தருமராக வரும்பொழுது வயதிற் பெரியவரும் எழுந்து கைகூப்புகின்றனர். அந்தக் கும்பிடு யாருக்கு? ஆளுக்கோ உடுப்புக்கோ அன்று; அவர் காத்த விரதத்துக்கும் அவர் தாங்கிய தருமத்துக்கும். விரதமில்லாதவனுக்கு அங்கே வேடமில்லை.

இனிக் கூத்துக் களரிக்கு வருவோம். மட்டக்களப்புத் தமிழகத்தின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பெரியோர் நன்கறிவர். (1961இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிந்தது, களரி பிரியவில்லை.) கூத்திலே வேடத்தை ஆடுபவன் தானே எடுத்துக்கொள்வதில்லை. அண்ணாவியார் குரலையும் உயரத்தையும் ஆட்டத்தையும் பார்த்துச் சட்டம் கொடுக்கின்றார். இரவிரவாகப் பழக்கம் நடக்கின்றது. சலங்கை கட்டி, பின்னரே அரங்கேற்றம். அரங்கேற்றத்தன்று பாத்திரம் களரிக்குள் வந்ததும் முதலிற் செய்வது யாது? இன்னான் வந்தான் என்று வரவு பாடி ஆடுவதுதான். சுற்றியிருப்போருக்கு வந்தவன் வீமன் என்பதும் தெரியும். வீமனாக வந்தவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் தெரியும். இவ்விரண்டும் ஒருங்கே தெரிவதே கூத்தின் சிறப்பு. வீமன் பிழையாக ஆடினால் மறுநாட் காலையிலே கடைத்தெருவில் அந்தப் பிள்ளை மறுமொழி சொல்லவேண்டும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றினார். படித்தவர் பார்க்கத் தகாதது என்று சிலர் ஒதுக்கி வைத்திருந்த நாட்டுக்கூத்து, அவராற் பல்கலைக்கழக மண்டபம் ஏறியது. அதற்கும் முன்னே, நம் காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையிற் கல்விகற்ற விபுலானந்த அடிகள், நாடக இலக்கணத்தையும் சேக்சுபியரின் நாடகங்களையும் ஒருசேர ஆராய்ந்து மதங்க சூளாமணி என்னும் நூலை இயற்றினார். அது 1926இல் வெளிவந்தது. வேடம் புனைதல் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலையன்று, கற்றோர் ஆராயத்தக்க கலை என்பதை நம் மண்ணிற் பிறந்த துறவியே காட்டிச் சென்றார்.

கொம்பு விளையாட்டையும் இங்கே நினைக்கவேண்டும். ஊர் இரண்டாகப் பிரிந்து, வடசேரியார் கோவலன் கட்சியாகவும் தென்சேரியார் கண்ணகி கட்சியாகவும் நிற்பர். கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி இழுப்பர். எதிர்க்கட்சியை வசைபாடிக் கவியும் சொல்வர். இன்றைய முகநூற் சண்டைக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடையாது. ஆயினும் அந்த வசைக்கு ஓர் எல்லையிருந்தது. அது அம்மன் பெயரால் நடந்தது. முகத்துக்கு நேரே நடந்தது. குறித்த நாளில் முடிந்தது. எல்லை தவறியபொழுது ஆட்டம் அடிதடியானதும் உண்டு. காரைதீவு முதலிய ஊர்களின் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கு எதில் நிறைவுறுகின்றது? திருக்குளிர்த்தியில். மதுரையை எரித்த கோபத்தை வழக்குரை பாடி எழுப்பிய ஊர், அதைக் குளிரவைத்த பின்னரே வீடு திரும்பும். நம் முன்னோர் மூட்டத் தெரிந்தவர்கள், ஆற்றவும் தெரிந்தவர்கள். கைப்பேசியிலே மூட்டுவதற்கு வழியுண்டு. குளிர்த்திக்கு வழியை நாம்தான் உண்டாக்கவேண்டும்.

அடியார் கொண்ட கோலம்

சமயத்திலும் இவ்விரு முகங்களையும் காணலாம். மணிவாசகர் திருவெம்பாவையிலே நீராடச் செல்லும் பெண்பிள்ளைகளின் குரலாகி நின்றார். ஆண்டாள் வில்லிபுத்தூரில் இருந்துகொண்டே ஆயர்பாடிச் சிறுமியானார். பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனைத் தாலாட்டினார். இவர்கள் தம்மை மறைக்க வேறொருவராகவில்லை. தம்மிலும் பெரிதான ஒன்றைத் தொடுவதற்காக ஆகினர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பெரியபுராணம் காட்டுகின்றது. மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமுடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, ஆகமம் உபதேசிப்பவன்போல வந்து, தன்னை வணங்கிய மன்னரைக் கத்தியாற் குத்தினான். காவலன் தத்தன் வாளோங்கியபொழுது நாயனார் தடுத்து, அவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்திவிடச் சொன்னார். இக்கதையிலே நாயனாரின் அன்பை நாம் எப்போதும் போற்றுகின்றோம். முத்தநாதன் செய்ததன் கொடுமையையும் அளந்து பார்க்கவேண்டும். ஒரு மன்னரைக் கொன்றதோடு அது நின்றதா? அந்நாள் முதல் நீறு பூசி வந்த ஒவ்வோர் அடியாரையும் வாயிற்காவலன் ஐயத்தோடு பார்த்திருப்பான் அல்லவா? பொய்வேடம் ஒருவனை ஏமாற்றுகின்றது. மெய்வேடத்தார் எல்லோரையும் பழிக்குள்ளாக்குகின்றது. திருநீற்று முகத்தையோ அம்மன் படத்தையோ முகப்பில் வைத்துக்கொண்டு அயலாரை இழித்தெழுதும் கணக்கு ஒவ்வொன்றும் செய்வது இதுவே. அதைப் படிக்கும் அயலூர் இளைஞன் எழுதியவனை அறியான். அந்தப் படத்தையே அறிவான்.

பிறநாட்டார் கண்ட பாடம்

உலகிற் பிறரும் இத்துறையில் முயன்றுள்ளனர். இங்கிலாந்திலே சாமுவேல் பெப்பிசு என்பவர் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பை, பில் கைபோர்ட் என்பவர் 2003 சனவரி முதல் நாளிலிருந்து 2012 வரை, நாளுக்கு நாள் ஒரு பதிவாக இணையத்தில் இட்டுவந்தார். முந்நூறு ஆண்டுக்கு முன் மறைந்தவர் அயல்வீட்டுக்காரர்போல ஆனார். இடுபவர் யார் என்பதும், எழுத்து யாருடையது என்பதும் வெளிப்படை. 2010இல் ரோயல் சேக்சுபியர் கம்பனியார் ரோமியோ ஜூலியற் கதையை, அப்போது டுவிட்டர் எனப்பட்ட தளத்திலே, ஐந்து வாரம் நடிகரைக் கொண்டு நடத்தினர். கூத்துக்கு நாட்கணக்கு இருப்பதுபோல அதற்கும் தொடக்கமும் முடிவும் இருந்தன.

வேறு பாடமும் கிடைத்தது. இட்லரின் ஆட்சியை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் பரப்பியதற்காக 1943இற் கொல்லப்பட்ட சோபி சோல் என்னும் மாணவியின் பெயரால், செருமானிய ஒலிபரப்பு நிலையங்கள் இரண்டு 2021இல் இன்ஸ்டகிராமிலே ஒரு பக்கம் தொடங்கின. அவர் இன்று உயிரோடிருந்து எழுதுவதுபோல அது அமைந்தது. இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். ஆனால் எது அவர் எழுதியது, எது இன்றைய எழுத்தாளர் புனைந்தது என்று பிரித்தறிய முடியவில்லை என்ற கண்டனம் எழுந்தது. 2023இலோ, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரலாற்று மாந்தரோடு உரையாடலாம் என்று ஒரு செயலி வந்தது. யூதப் படுகொலையை நடத்திய இம்லர் அதிலே வருத்தம் தெரிவித்துப் பேசினான்! கொன்றவனைக் கொண்டு வராத வருத்தத்தைச் சொல்விப்பது, கொல்லப்பட்டோருக்குச் செய்யும் இரண்டாவது தீங்காகும். கொப்பியில்லாத கூத்தாடி எதையும் பேசுவான் என்பதற்கு இது சான்று.

நம் வாசலுக்கு வந்த தீ

"இதெல்லாம் தூரதேசத்துக் கதை" என்று இருந்துவிட முடியாது. 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு நம் மாவட்டத்துத் தலைநகராகிய அம்பாறையிலே, முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி எழுந்தது. காணொளி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாக்கட்டி என்பதைப் பின்னர் அரச பகுப்பாய்வாளர் கண்டறிந்தார். அதற்குள் கண்டி திகனையிலும் கலவரம் மூண்டுவிட்டது. மார்ச் 7ஆந் திகதி அரசாங்கம் முகநூல் முதலியவற்றைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. அக்கலவரத்திலே தம் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனத்தார் 2020இல் வருத்தம் தெரிவித்தனர். வதந்திக்கு முகமில்லை, எரிந்த கடைக்காரனுக்கு முகமிருந்தது.

நமது கரையை நினைத்துப் பாருங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒரே நூலிற் கோத்த மணிகள்போல அடுத்தடுத்து இருக்கின்றன. பேசுவது ஒரே தமிழ். தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் இரு பக்கமும் உண்டு. மருதமுனைத் தறியில் நெய்த துணி நம் வீடுகளிலும் உடுக்கப்பட்டது. 2004 திசம்பர் 26இலே கடல் பொங்கியபொழுது அது எந்த ஊரையும் பெயர் கேட்டு விடவில்லை. இத்தகைய கரையிலே பிணக்கு இல்லாமலும் இல்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய பிணக்கு எத்தனை ஆண்டாக நீண்டது என்பதை அனைவரும் அறிவர். அதிலே ஒருவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். அதை வலியுறுத்திப் பேசலாம். தம் பெயரோடு, ஆதாரத்தோடு பேசட்டும். எல்லாளன் முகத்துக்குள்ளும் பண்டாரவன்னியன் முகத்துக்குள்ளும் ஒளிந்துகொண்டு கல்லெறிய வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். அந்தக் கல் விழும் இடம் நாம் நாளை பேருந்தில் ஒன்றாக இருந்து பயணம் செய்யவேண்டிய இடம்.

நான்கு விரதங்கள்

ஆகவே, கைப்பேசியிலே வேடம் புனைவோர் காக்கவேண்டியவை என நான்கைச் சொல்வோம். நான்கும் களரியிலிருந்து எடுத்தவையே.

முதலாவது, வரவு. பக்கத்தின் தலைப்பிலேயே இது நாடகப் பாத்திரம் என்பதையும், ஆடுவது யார் அல்லது எந்த மன்றம் என்பதையும் எழுதிவிடுங்கள். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையோ படத்தையோ எடுத்து அவராக நடிப்பது வேடமன்று, அது களவு. ஆள்மாறாட்டஞ் செய்து ஏமாற்றுவதை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் குற்றமாக்கியது.

இரண்டாவது, கொப்பி. பாத்திரத்தைக் கற்றபின் ஆடுங்கள். இராஜராஜன் பெயரை வைத்திருக்கும் தம்பிமாரை ஒன்று கேட்போம். நீங்கள் முகப்பிலே வைத்திருப்பது 1973இல் அவ்வேடம் தாங்கிய சிவாஜி கணேசனின் முகமாகவும் இருக்கலாம், அது போகட்டும். அம்மன்னன் சிவபாதசேகரன் என்று பெயர்கொண்டவன். தஞ்சையிலே பெரியகோயில் எடுத்தவன். அவனே நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தான். திருகோணமலைக்கு அருகேயுள்ள வெல்கம் விகாரை அவன் பெயரால் இராஜராஜப் பெரும்பள்ளி எனப்பட்டது. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. பிறர் பள்ளிக்குக் கொடுத்தவன் பெயரை வைத்துக்கொண்டு பிறர் பள்ளியைப் பழிப்பவன் இராஜராஜன் வேடத்துக்குத் தகுதியானவனா? எந்த அண்ணாவியாரும் அவனுக்குச் சட்டம் கொடுக்கமாட்டார்.

மூன்றாவது, எதிராளி. கூத்திலே துரியோதனனாக ஆடுபவனும் நம்மூர்ப் பிள்ளைதான். அவனில்லாமல் வீமனுக்கு ஆட்டமில்லை. அவன் தலையில் உள்ள முடியை மிதிக்க எவனும் துணியான். எதிர்ப்பக்கத்தை இகழாமல் எதிர்க்கப் பழகுங்கள். அவர்கள் உயிரினும் மேலாகக் கருதுவதை வேடப்பொருளாக்க வேண்டாம். நபிகளாருக்கு உருவம் வரைவதையும் அவராக நடிப்பதையும் முஸ்லிம்கள் ஒப்புவதில்லை. அயலவர் அறிந்து மதிக்கவேண்டிய எல்லை அது.

நான்காவது, குளிர்த்தி. வேடத்துக்கு முடிவுநாள் வையுங்கள். விடிந்ததும் முடி கழற்றுகின்றவனே கூத்தன். கழற்றத் தெரியாதவனைப் பேய் பிடித்ததென்று ஊர் சொல்லும். நள்ளிரவுவரை கர்ணனாக இருந்துவிட்டுக் காலையிலே தாய்க்குத் தண்ணீர் மொண்டுகொடுக்க நேரமில்லாத பிள்ளை கர்ணனின் கொடையைக் கற்றவனல்லன்.

இருவகை ஐயங்கள்

பெரியோர் சிலர், "இத்தனை தொல்லை எதற்கு? முற்றாக விட்டுவிடட்டும்" என்பர். அது பொருந்தாது. களரியிலே அடிதடி வந்ததென்று கூத்தையே கைவிட்ட ஊர்களில் அடிதடி நின்றுவிடவில்லை, கூத்துத்தான் நின்றது. மேலும், வந்த செய்தியை ஆராயாமல் வட்ஸ்அப்பிலே பத்துக் குழுவுக்கு அனுப்புவோரில் நரைத்த தலைகளும் உண்டென்பதைப் பணிவோடு சொல்லிவைக்கின்றோம்.

இளைஞர் கேட்கும் ஐயம் இன்னும் வலிது. "எல்லோரும் பெயர் சொல்லிப் பேசமுடியுமா? தொல்லைக்கு அஞ்சும் பெண்பிள்ளை, மேலதிகாரியின் முறைகேட்டை வெளியிட நினைக்கும் எளியவன், இவர்கள் மறைந்துதானே பேசவேண்டும்?" நியாயமான கேள்வி. பாண்டவரும் விராடன் நாட்டிலே ஓராண்டு மறைந்தே வாழ்ந்தனர். தருமர் கங்கரானார், வீமன் மடைப்பள்ளி சேர்ந்தான், அருச்சுனன் பிருகன்னளையாகி நடனம் பயிற்றினான். இராவணனும் தவசி வேடத்திலே மறைந்துதான் பஞ்சவடிக்கு வந்தான். எப்படிப் பிரித்தறிவது? மறைவினால் யார் காக்கப்படுகின்றார், யார் தாக்கப்படுகின்றார் என்று பாருங்கள். வலியவனிடமிருந்து தன்னைக் காப்பது அஞ்ஞாதவாசம். எளியவரைத் தாக்கி ஒளிவது பர்ணசாலைக்கு வந்த வேடம்.

செய்யத்தக்கது

இனி, மன்றத்தார் முன்னே ஒரு கோரிக்கையை வைக்கின்றோம். வருகின்ற புரட்டாதியிலே, பாண்டிருப்பு விழா நடைபெறும் 18 நாளும், மன்றத்தின் பெயரால் முகநூலில் ஒரு களரி அமையுங்கள். நாளுக்கொரு பாத்திரம் எழுதட்டும். திரௌபதை சபையிலே கேட்ட நீதிக் கேள்வியை ஒரு சகோதரி எழுதட்டும். கர்ணனின் நன்றிக்கடனை ஒரு தம்பி எழுதட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவர் பெயர் இருக்கட்டும். கூத்தறிந்த பெரியவர் ஒருவர் அண்ணாவியாராக இருந்து, பார்த்துத் திருத்தியபின் வெளியிடட்டும். பதினெட்டாம் நாள் முடிந்ததும் வாழி பாடிக் களரியைக் கலையுங்கள்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது இளைஞரையும் அயற்களரியார் என்ற உரிமையோடு அழையுங்கள். அவர்கள் தம் மரபுக்கு ஒத்த பாத்திரத்தைத் தாமே தெரிந்துகொள்வர். 1885இலே அசன்பேயுடைய கதையை எழுதித் தமிழ் நாவலின் தொடக்கத்திலே நின்ற சித்திலெவ்வையும் இந்நாட்டவரே. அசன் ஒரு பக்கத்திலும் அருச்சுனன் மறுபக்கத்திலும் ஒரே தமிழிலே பேசுவதைக் கேட்க இந்தக் கரைக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வசைக்கவி பாடிப் பழகிய நம் நாவுக்கு அதுவே நல்ல குளிர்த்தியாகும்.

இளைஞர்களே, வேடம் போடுங்கள். வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. தருமராக வருகின்றவரை ஊர் கும்பிடுகின்றது. முத்தநாதனாக வந்தவனைப் பெரியபுராணம் இன்றுவரை மறக்கவில்லை. இருவரும் அணிந்தது வேடந்தான். இடையிலே இருப்பது விரதம்.

மன்றமும் ஊரும் அயலும் வாழ்க.